பேய், விண்கலம், ரப்பர் அரக்கன்: சினிமாப் பொருள் சேகரிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அறிவியல் புனைவு, திகில், மாயாஜாலப் படங்களில் பயன்பட்ட பொருள்களையும் உடைகளையும் வாங்கிச் சேர்ப்பவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சரக்கு பெரும்பாலும் ஹாலிவுட்டிலும் லண்டனிலும் இருப்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். எல்லோரும் வாங்குவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாங்கிய பிறகு காப்பாற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதனால் அந்தப் பகுதி சற்று நீளம்.

இந்த வகைப் படங்களின் பொருள்களுக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு?

குடும்பப் படத்தில் கதாநாயகன் குடிக்கும் காபி டம்ளரைக் கடையில் வாங்கிவிடலாம். வேற்றுக்கிரக அரக்கனின் தலை எந்தக் கடையிலும் கிடைக்காது. யாரோ உட்கார்ந்து களிமண்ணில் செதுக்கி, அச்செடுத்து, ரப்பர் வார்த்து, கையால் வண்ணம் தீட்டியிருக்க வேண்டும். கணினி வரைகலை வந்த பிறகு அந்த வேலை குறைந்துவிட்டது. ஆகவே 1930களிலிருந்து 1990கள் வரையிலான சரக்குக்குத்தான் போட்டி.

படம் முடிந்ததும் இதெல்லாம் எங்கே போகும்?

பெரும்பாலும் குப்பைக்கு. ஸ்டுடியோக்காரர்களுக்கு இவை செலவுக் கணக்கில் எழுதி முடித்த சாமான்கள். கிடங்கு வாடகை மிச்சம் என்று தூக்கிப் போடுவார்கள், அல்லது அடுத்த படத்துக்கு வண்ணம் மாற்றிப் பயன்படுத்துவார்கள்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்காகச் செய்த மாடல்கள், செட்டுகள் அநேகமாக எல்லாமே அழிக்கப்பட்டன. வேறு படங்களில் அவை தலைகாட்டக் கூடாது என்பதில் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் குறியாக இருந்தார். தப்பிப் பிழைத்தவற்றில் பெரியது, நிலவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் உருண்டையான ஏரிஸ் கலம். 2015இல் அது ஏலத்துக்கு வந்தபோது ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 3,44,000 டாலருக்கு வாங்கியது.

'ஜாஸ்' (1975) சுறாவின் கதை இன்னும் வேடிக்கை. படப்பிடிப்புக்குச் செய்த மூன்று இயந்திரச் சுறாக்களும் அழிந்துபோயின. அதே அச்சில் ஃபைபர் கிளாஸில் வார்த்த நான்காவது சுறா யூனிவர்சல் ஸ்டுடியோவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளப் பயன்பட்டது. 1990 வாக்கில் அதையும் கழித்துவிட, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சன் வேலியில் உள்ள பழைய கார் உடைக்கும் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கால் நூற்றாண்டு வெயில் காய்ந்தது. 2016இல் யார்டு உரிமையாளர் அதை அகாடமிக்கே நன்கொடையாகக் கொடுத்தார். ஒப்பனைக் கலைஞர் கிரெக் நிகோடேரோ சீரமைத்துக் கொடுக்க, 25 அடி நீளச் சுறா இப்போது அகாடமி அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து தொங்குகிறது.

உடைகளுக்கு வேறு தலைவிதி. காஸ்ட்யூம் கம்பெனிகளுக்கு வாடகைதான் பிழைப்பு. 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் போர்த்தியிருந்த பழுப்பு அங்கி, லண்டன் வாடகைக் கிடங்கில் மற்ற அங்கிகளோடு அங்கியாகத் தொங்கியது. 'தி மம்மி' (1999) படத்துக்கும் வாடகைக்குப் போய் வந்தது. யாரோ அடையாளம் கண்டு தனியே எடுத்து வைத்ததால், 2007இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 54,000 பவுண்டுக்குப் போனது.

1970 எம்.ஜி.எம். ஏலம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

இந்தத் தொழிலின் ஆதி காண்டம். நிதி நெருக்கடியில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோ தன் கிடங்குகளை மொத்தமாகக் காலி செய்தது. பல நாள் நடந்த அந்த ஏலத்தில் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தின் சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி 15,000 டாலருக்கு விற்றது. அன்று அது பெரிய செய்தி. 1960இல் வந்த கால இயந்திரப் படத்தின் வண்டியும் அங்கேதான் கைமாறியது. சில ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் ஒரு பழைய சாமான் கடையில் சிதிலமாகக் கிடந்த அதைக் கண்டுபிடித்து மீட்டவர் பாப் பர்ன்ஸ். பர்பாங்க் நகரில் தன் வீட்டையே அரக்கர்கள் அருங்காட்சியகமாக வைத்திருந்த மனிதர். இன்று பெரிய ஏலங்களில் வரும் பழைய பொருள்களின் கைமாற்ற வரலாற்றைப் படித்தால், '1970 எம்.ஜி.எம்.' என்ற வரி அடிக்கடி தட்டுப்படும்.

ஒரே கத்தி, ஒரே ஹெல்மெட் நாலைந்து ஏலத்தில் வருகிறதே? எது அசல்?

எல்லாமே அசலாக இருக்கலாம். படத்தில் பயன்படும் பொருளுக்கு ப்ராப் என்று பெயர். குளோசப்பில் காட்டுவதற்கு நுணுக்கமாகச் செய்தது ஹீரோ ப்ராப். சண்டைக் காட்சியில் யார் தலையிலாவது விழும் என்பதால் ரப்பரில் வார்த்தது ஸ்டண்ட் ப்ராப். பின்வரிசையில் நிற்கும் துணை நடிகர்களுக்குக் கொடுத்தது மூன்றாவது ரகம். நான்காவதாக, படத்துக்காகச் செய்தும் கேமரா முன் வராமலே போனது. விலை இதே வரிசையில் இறங்கும். ஸ்டண்ட் உடைகள் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும், உள்ளே பஞ்சு அட்டை வைத்துக் கட்டவேண்டுமே. விற்பவர் இந்த நான்கில் எது என்று சொல்லாமல் 'படத்தில் வந்தது' என்று மட்டும் சொன்னால், கேட்டுத் தெளிந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அசல்தான் என்று எப்படி நிச்சயிப்பது? சான்றிதழ் போதாதா?

சான்றிதழ் கொடுத்தவர் யார் என்பதுதான் விஷயம். ஒரு கணினியும் பிரிண்டரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் தங்க நிற பார்டர் போட்டு அடித்துக்கொடுக்கலாம். ஸ்டுடியோவே கொடுத்த கடிதம், படத்தில் வேலை செய்தவர் கையெழுத்திட்ட குறிப்பு, பழைய ஏலப் பட்டியலின் லாட் எண், வாடகைக் கம்பெனி உள்ளே தைத்த துணி லேபிள் ஆகியவற்றுக்குக் கனம் உண்டு. 1912இலிருந்து இயங்கும் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் கம்பெனியின் லேபிளில் நடிகரின் பெயர் இருக்கும். ஆனால் பழைய லேபிளைப் பிரித்து வேறு சட்டையில் தைப்பவர்களும் இருக்கிறார்கள். தையல் நூல் சட்டையின் வயதுக்குப் பொருந்துகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட வலுவானது திரையோடு ஒப்பிடுவது. படத்தின் நல்ல தரமான டிஸ்க்கை எடுத்து, காட்சியை நிறுத்தி, பொருளில் இருக்கும் கீறல், மரத்தின் ரேகை, வண்ணம் வழிந்த இடம், துணியின் கட்டம் தையலில் சந்திக்கும் விதம் இவற்றைப் பொருத்திப் பார்ப்பது. ஆலையில் வந்த பொருளின் வடிவம் ஒத்துப்போவது ஒன்றுமே இல்லை. விபத்தாக விழுந்த குறி ஒத்துப்போகவேண்டும்.

இதற்கு நான் அறிந்ததிலேயே அழகான உதாரணம் அந்தச் சிவப்புச் செருப்பு. படத்தின் நாயகி ஜூடி கார்லண்டுக்காகச் செய்தவற்றில் நான்கு ஜோடிகள் மிஞ்சியிருப்பது தெரியும். ஒரு ஜோடி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு ஜோடி 2005இல் மினசோட்டா மாநிலத்தில் ஜூடி கார்லண்ட் பெயரில் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது. (திருடியவர் அதில் இருப்பது நிஜ மாணிக்கக் கற்கள் என்று நினைத்திருக்கிறார். படத்தைப் பார்த்ததே இல்லையாம்.) 2018இல் எஃப்.பி.ஐ. மீட்டு, அசல்தானா என்று பார்க்க ஸ்மித்சோனியனிடம் கொண்டுபோனது. அங்கிருந்த நிபுணர் இரண்டு செருப்பின் ரிப்பன் முடிச்சுகளிலும் வித்தியாசமான ஒன்றைக் கவனித்தார். சிவப்புக் கண்ணாடி மணிகளுக்கு நடுவே, நிறமில்லாத கண்ணாடி மணிக்கு மேலே சிவப்புப் பெயின்ட் பூசி வைத்திருந்தது. படப்பிடிப்பில் மணி உதிர்ந்திருக்கிறது, கையில் சிவப்பு மணி இல்லை, இருந்ததை வைத்து யாரோ அவசரத்துக்கு ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதே ஒப்பேற்றல் ஸ்மித்சோனியன் ஜோடியிலும் இருந்தது. போலி செய்பவனுக்கு இது தோன்றவே தோன்றாது. அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது: ஸ்மித்சோனியனின் இடது, வலது இரண்டும் ஜோடியே அல்ல. அதன் இணைகள் திருட்டுப் போன ஜோடியில் இருந்தன. எந்தக் காலத்திலோ கலந்துவிட்டிருக்கின்றன.

பாகங்களைச் சேர்த்து முழுமையாக்கிய பொருளை வாங்கலாமா?

சொல்லிவிட்டு விற்றால் வாங்கலாம். 2017இல் 27.6 லட்சம் டாலருக்கு விற்ற 'ஸ்டார் வார்ஸ்' ஆர்2-டி2 ரோபோ, வெவ்வேறு படங்களுக்காகச் செய்த பாகங்களை ஒரு சேகரிப்பாளர் ஆண்டுக்கணக்கில் தேடிக் கோத்தது. ஏலக்காரர்கள் அதை மறைக்கவில்லை.

நகல் செய்து வைத்துக்கொள்வது தப்பா?

உங்கள் அலமாரிக்குச் செய்துகொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். விற்றால்தான் சிக்கல், அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். 'ஸ்டார் வார்ஸ்' சிப்பாய்களின் வெள்ளை ஹெல்மெட்டை அந்தக் காலத்தில் உருவாக்கித் தந்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த், பின்னாளில் அதே ஹெல்மெட்டைச் செய்து விற்றபோது படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. ஹெல்மெட் படத்துக்குப் பயன்பட்ட ஒரு சாமான், சிற்பம் என்று கொள்ள முடியாது, ஆகவே சிற்பத்துக்கான காப்புரிமை இதற்கு இல்லை என்று 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கக் காப்புரிமை வேறு கதை, அங்கே அவர் விற்க முடியாது.

நகல் செய்பவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள். லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளின் பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி என்று கண்டுபிடித்துச் சொன்னதெல்லாம் இவர்களைப் போன்ற ஆர்வலர்கள்தான். அசலைச் சோதிக்கும்போது ஏல நிறுவனங்களே இவர்களிடம் கேட்பதுண்டு. ஒரு நல்ல நகலில் உங்கள் பெயரும் ஆண்டும் அழியாதபடி உள்பக்கம் பொறித்துவிடுங்கள். முப்பது வருடம் கழித்து அது அசலாக உலா வராமல் இருக்கட்டும்.

எவ்வளவு பணம் வேண்டும்?

உச்சியில் இருப்பது நமக்கானது அல்ல. 'ஃபர்பிடன் பிளானட்' (1956) படத்தின் ராபி ரோபோ 2017இல் 53.75 லட்சம் டாலர். 'ஸ்டார் வார்ஸ்' எக்ஸ்-விங் போர்க்கலத்தின் மாடல் ஒன்று 2023இல் 31 லட்சத்துச் சொச்சம். திருட்டுப்போய் மீண்ட சிவப்புச் செருப்பு 2024 டிசம்பரில் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போய், கமிஷன் சேர்ந்து 3.25 கோடி ஆனது.

அந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கும். அப்புறம் பேக்கிங், காப்பீடு, விமானம், சுங்கம். பத்தாயிரம் ரூபாய் என்று கை தூக்கிய பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது இருபதைத் தொட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நமக்கு எட்டும் உயரத்தில் இருப்பவை: துணை நடிகர்களின் உடைகள், படக்குழுவுக்குக் கொடுத்த ஜாக்கெட்டுகள், கால்ஷீட்டுகள் (அன்றன்றைய படப்பிடிப்பு விவரத் தாள்கள்), காட்சிகளை முன்கூட்டியே வரைந்த ஸ்டோரிபோர்டு நகல்கள், செட்டில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், விண்கலத் தாழ்வாரத்தின் ஒரு சுவர்ப் பலகை. தொடங்குபவர்களுக்கு நான் காகிதத்தைத்தான் சிபாரிசு செய்வேன். ரப்பரைப் போல உதிராது, அனுப்பச் செலவில்லை, பத்து வருடம் அதைப் படித்தாலே மற்ற பொருள்களை மதிப்பிடும் கண் வந்துவிடும்.

திருட்டுப் பொருளை வாங்கி மாட்டிக்கொண்டால்?

பொருளும் போகும், பணமும் போகும். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கலத்தின் முதல் மாடல், மூன்றடிக்குச் சற்றுக் குறைவானது, 1970களில் இரவல் போய்த் திரும்பவில்லை. 2023இல் திடீரென்று ஈபேயில் முளைத்தது. கைவிடப்பட்ட வாடகைக் கிடங்குச் சாமானில் கிடைத்ததாகச் சொன்னார்கள். கடைசியில் அது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரியின் மகனிடம் போய்ச் சேர்ந்தது. கண்டெடுத்தவர்கள் தங்களுக்கு உரிய பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள்.

அன்பளிப்பும் சிக்கல்தான். வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் 2021இல் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' நாயகி டோரதியின் நீலக் கட்டம் போட்ட கவுன் அகப்பட்டது. ஒரு நடிகை அங்கே பேராசிரியராக இருந்த பாதிரியாருக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகம் ஏலம் விடப் போனபோது, கொடுத்தது அவருக்கா துறைக்கா என்று பாதிரியாரின் உறவினர் கேட்க, 2022இல் நீதிமன்றம் ஏலத்தை நிறுத்திவைத்தது. யார் கொடுத்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

ரப்பர் முகமூடி ஏன் உதிர்கிறது? நிறுத்த முடியாதா?

நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

பழைய அரக்கர்கள் பெரும்பாலும் ஃபோம் லேட்டெக்ஸ். ரப்பர் பாலில் கந்தகமும் சோப்பும் சேர்த்து நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, ஓவனில் சுட்டெடுப்பது. நடிகரின் முகத்தில் ஒட்டினால் தோலைப் போல அசையும், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாள் படப்பிடிப்புக்கு அது தாங்கினால் போதும் என்பதே கணக்கு. நுரை என்பதால் உள்ளே முழுக்கக் காற்று. ஆக்சிஜன் வெளியிலிருந்து மட்டும் தாக்குவதில்லை, ஒவ்வொரு குமிழிக்குள்ளிருந்தும் தாக்குகிறது. முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும். பிறகு இறுகும். கடைசியில் பழைய பெருங்காயக் கட்டி போலப் பழுப்பேறி, தொட்டால் பொடியாகும். வெயில், சூடு, ஓசோன் மூன்றும் வேகத்தைக் கூட்டும். செம்பும் பித்தளையும் ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் சீக்கிரமே சாகும், ஆகவே ஸ்டாண்டின் கம்பியையும் திருகையும் பாருங்கள்.

1933 'கிங் காங்' பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்த ரப்பரும் முயல் ரோமமும் மக்கிப்போய், உள்ளே இருந்த உலோக எலும்புக்கூடுதான் மிச்சம். அந்த எலும்புக்கூடு ஒன்றே 2009இல் லண்டனில் 1,21,250 பவுண்டுக்கு விற்றது.

1970களுக்குப் பிறகு அதிகம் புழங்கிய பாலியூரித்தேன் நுரை இரண்டு ரகம். எஸ்டர் வகையை ஈரப்பதம் கொல்லும், ஈதர் வகையை வெளிச்சம் கொல்லும். சிலிக்கன் தோல்கள் இவற்றைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். ஃபைபர் கிளாஸ் பற்றிக் கவலை வேண்டாம், சுறாவைத்தான் பார்த்தோமே.

செய்யவேண்டியது இதுதான். இருட்டு, குளிர்ச்சி, அசையாமை. முகமூடி தன் எடையில் தானே மடங்காதபடி உள்ளே அமிலமற்ற டிஷ்யூ காகிதத்தையோ பாலிஎத்திலீன் நுரையையோ முக வடிவத்துக்கு வெட்டி நிரப்புங்கள். இறுகிய பிறகு வடிவத்தைத் திருத்த முடியாது, ஆகவே வாங்கிய வாரமே செய்யுங்கள். விலையுயர்ந்த பொருளென்றால் காற்றுப் புகாத பையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடி வைக்கலாம், அருங்காட்சியகங்களில் ரப்பருக்குச் செய்கிறார்கள். கார் டாஷ்போர்டுக்குப் பூசும் பளபளப்பு ஸ்பிரே, சிலிக்கன் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டு மாதம் ஜோராக இருக்கும், அப்புறம் வண்ணம் உரியும்.

சென்னை மாதிரி ஊரில் இதெல்லாம் சாத்தியமா?

சிரமம். அருங்காட்சியகங்கள் 20 டிகிரி வெப்பத்தையும் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தையும் குறிவைக்கும். நம் ஊரில் ஈரப்பதம் எழுபதைத் தாண்டுவது சாதாரணம். இரவில் ஏ.சி. போட்டுப் பகலில் அணைப்பது இன்னும் மோசம், தினமும் விரிந்து சுருங்கியே வண்ணம் வெடிக்கும். முழுநேரமும் ஏ.சி. ஓட்ட முடியாவிட்டால் அறையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் உலர்த்தித் திரும்பப் போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் பரணிலும் வைக்கவேண்டாம். பரண்தான் வீட்டிலேயே சூடான இடம்.

ஒரே விலக்கு, செல்லுலாய்ட் வகைப் பழைய பிளாஸ்டிக். அது தானே அமிலப் புகை விடும், மூடி வைத்தால் அந்தப் புகையிலேயே வெந்து போகும். காற்றோட்டமாக, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

அந்துருண்டையைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். துணி பீரோவோடு நிற்கட்டும். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை, முக்கியமாக மாடல்கள் செய்யும் பாலிஸ்டைரீனை, இளக்கிவிடும். வேப்பிலையும் வேண்டாம், இலையில் இருக்கும் ஈரமே பூஞ்சைக்குப் போதும்.

உடையைத் துவைக்கலாமா?

கூடாது. இங்கேதான் நம் வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வரும். அழுக்கும் கிழிசலும் படத்துக்காகக் காசு கொடுத்து உண்டாக்கியவை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மண் தூவி, வண்ணம் தெளித்துப் பழசாக்குவதற்கென்றே ஆட்கள் உண்டு. அதைச் சலவைக்குப் போட்டால் திரையோடு ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது.

போலி ரத்தக் கறைக்குத் தனிக் கவனம் வேண்டும். பெரும்பாலும் சோளச் சிரப்பில் சிவப்புக் கலந்தது, அதாவது சர்க்கரை. நம்மூர் எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து. கறையைத் துடைக்காமல் அமிலமற்ற தாளை மேலே விரித்து, தனிப்பெட்டியில் பூட்டுங்கள்.

ஜிகினா வேலை செய்த உடையில் தண்ணீரே படக்கூடாது. அந்தச் சிவப்புச் செருப்பின் ஜிகினாக்கள் ஜெலட்டின் வட்டுகள், மேலே வெள்ளிப் பூச்சு, அதற்கு மேல் சிவப்புச் சாயம் கலந்த செல்லுலோஸ் நைட்ரேட் மெருகு. தண்ணீர் பட்டால் ஜெலட்டின் கரையும், வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறும். ஸ்மித்சோனியன் 2016இல் பொதுமக்களிடம் 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அந்த ஜோடியைப் பராமரித்தது. ஜிகினா ஜிகினாவாக நுண்ணோக்கியில் பார்த்துச் சுத்தம் செய்ய 200 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடியில் ஒட்டிய ஆரஞ்சு நிறக் கம்பளித் துணியையும் அப்படியே விட்டார்கள். நடனக் காட்சியில் சத்தம் வராமலிருக்க ஒட்டியது அது.

தொங்கவிடுவதென்றால் தோள் அகலத்துக்குப் பஞ்சு சுற்றிய ஹேங்கர். மணி வேலை செய்த கனமான உடையைப் படுக்க வையுங்கள், தொங்கினால் தோள் தையல் விடும். மேலே துவைத்த பருத்தி உறை. சலவைக்கடை பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம்.

அணிந்து பார்க்கலாமா?

வேண்டாம்.

உடைந்ததை ஒட்டலாமா, வண்ணம் தீட்டலாமா?

பிரித்தெடுக்க முடியாத எதையும் செய்யாதீர்கள். செய்வதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள்.

பெரிய என்டர்பிரைஸ் மாடல், 11 அடி நீளம், 1974இலிருந்து ஸ்மித்சோனியனிடம் இருக்கிறது. நல்லெண்ணத்தில் அதைப் பலமுறை சீரமைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தீட்டிய வண்ணம் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை, கலத்தின் முன்னால் இருக்கும் பெரிய வட்டத் தட்டின் கோடுகள் தூக்கலாகிவிட்டன என்று ஓயாமல் புலம்பினார்கள். 2016இல் மறுபடி எடுத்தபோது, தட்டின் மேற்பகுதியில் மட்டும் 1960களின் அசல் பூச்சு தொடப்படாமல் இருந்தது. அதை வைத்துத்தான் மற்ற இடங்களின் நிறத்தைப் பிடித்தார்கள். மாடலின் இடது பக்கம் ஜன்னல்கூட இல்லாமல் வெறுமையாக இருக்கும். விளக்குக்கான ஒயர்கள் நுழையும் பக்கம் அது, கேமரா பார்த்ததே இல்லை. யாராவது ஆர்வக்கோளாறில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கியிருந்தால் எப்படிப் படமெடுத்தார்கள் என்பதற்கான சாட்சியமே போயிருக்கும்.

முழுச் சீரமைப்பே வேண்டிய கேஸ்களும் உண்டு. 'ஏலியன்' (1979) படத்தின் நாஸ்ட்ரோமோ விண்கல மாடல் பல ஆண்டுகள் திறந்த வெளியில் மழையும் வெயிலும் தின்று கிடந்தது. மரச்சட்டமே இற்றுப்போன நிலையில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவதைத் தவிர வழியில்லை. அப்போதும் கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாமல் பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள்.

விளக்கு எரியும் பொருள்கள்?

பேட்டரியை இன்றே எடுங்கள். ஒழுகினால் பித்தளைத் தகடும் சர்க்யூட்டும் போச்சு. பழைய பல்பை எரியவிட்டு விருந்தாளிகளுக்குக் காட்டும் ஆசை இருந்தால், அடக்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைக்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. கை தூக்குவதற்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

தோல், ரோமம், இறகு, தந்தம் என்றால் நிதானம். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' கோழைச் சிங்கத்தின் உடை நிஜச் சிங்கத் தோலில் தைத்தது, 2014இல் 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதை நீங்கள் வாங்கியிருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் வனவிலங்கு வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தையும் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. அதேபோல விண்வெளித் துப்பாக்கிகள் பலவும் நிஜத் துப்பாக்கிக்கு மேல் ஒப்பனை செய்தவை. 'ஸ்டார் வார்ஸ்' ஹான் சோலோவின் கைத்துப்பாக்கி அடிப்படையில் ஒரு மவுசர் பிஸ்டல். அப்படிப்பட்டதைக் கூரியரில் போடச் சொன்னால் வீட்டுக்கு வருவது பார்சலாக இருக்காது.

பேக்கிங்கில் குமிழித் தாளை நேரே சுற்ற வேண்டாம் என்று விற்பவரிடம் எழுதியே கேளுங்கள். மெல்லிய வண்ணத்தில் குமிழி வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும்.

தமிழ்ப் படப் பொருள்கள்?

சேகரிக்க ஆசைதான், சந்தை என்று ஒன்று உருவாகவில்லை. 'எந்திரன்' (2010) ரோபோ வேலையில் ஹாலிவுட் சிறப்பு ஒப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் சீடர்கள் நடத்தும் லெகசி எஃபெக்ட்ஸ் பங்கெடுத்தது, ஆக உலகத்தரச் சரக்கு நம் படங்களுக்கும் வந்திருக்கிறது. சென்னையில் ஏ.வி.எம். ஸ்டுடியோ 2023இல் பழைய கார்கள், கேமராக்களோடு ஓர் அருங்காட்சியகம் திறந்தது. மற்றபடி ஓய்வுபெற்ற காஸ்ட்யூமர்களிடமும் ஆர்ட் டைரக்‌ஷன் ஆட்களிடமும் போய் உட்கார்ந்து பேசுங்கள். பொருள் கிடைக்காவிட்டாலும் எதை எதனால் செய்தார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். அதுவும் இப்போது இல்லாவிட்டால் கிடைக்காது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

சியாட்டிலில் மோபாப் என்ற பாப் கலாசார அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலஸில் அகாடமி அருங்காட்சியகம், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன். ஜப்பான் போனால் ஃபுகுஷிமா மாநிலத்தில் சுகாகாவா ஊரைத் தவறவிடாதீர்கள். காட்ஸில்லாவின் சிறப்புக் காட்சிகளைப் படைத்த எய்ஜி சுபுராயாவின் சொந்த ஊர். 2020இல் அங்கே திறந்த காப்பகத்தில் பொம்மைக் கட்டடங்களும் மாடல்களும் வரிசையாக இருக்கின்றன.

எனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

திகில் பட இதழாசிரியர் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் லாஸ் ஏஞ்சலஸில் 18 அறை வீட்டில் மூன்று லட்சம் பொருள்கள்வரை சேர்த்தார் என்பார்கள். சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் இலவசமாகச் சுற்றிக் காட்டினார். ஓர் அருங்காட்சியகமாகவே நிலைக்கவேண்டும் என்று விரும்பினார், எந்த நகரமும் முன்வரவில்லை. வழக்குச் செலவும் உடல்நலமும் நெருக்க, 2002இல் பெரும்பகுதியை விற்றார். 2008இல் அவர் காலமான பிறகு மிச்சமும் ஏலத்துக்குப் போனது.

அந்த 31 லட்சம் டாலர் எக்ஸ்-விங் இருந்ததே, அது மாடல் கலைஞர் கிரெக் ஜைன் 2022இல் மறைந்த பிறகு அவர் சாமான்களுக்கிடையே, ஓர் அட்டைப்பெட்டிக்குள் பேக்கிங் நுரைத் துண்டுகளில் புதைந்து கிடந்தது. விஷயம் தெரிந்த நண்பர்கள் பெட்டியைத் திறந்ததால் ஆயிற்று.

உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நண்பர்கள் திறப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு நோட்டுப் போடுங்கள். பொருளுக்கு ஒரு எண், ஒரு புகைப்படம், எந்தப் படத்தில் எந்தக் காட்சி, யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது, ரசீது எந்தக் கவரில் இருக்கிறது, விற்பதானால் யாரைக் கேட்கவேண்டும். எண்ணைப் பொருளில் எழுதாமல் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டுங்கள். நோட்டின் நகல் ஒன்று வீட்டில் உள்ளவர்களிடம் இருக்கட்டும், கணினியில் மட்டும் வைத்தால் கடவுச்சொல்லும் உங்களோடு போய்விடும்.